கருவியை வீட்டுக்குள் விடுவது பணமா? மனமா?

‘மனமே!’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு

நீதி வழுவாத நடுவர் அவர்களே! எங்கள் கட்சிக்கு வலு சேர்த்துவிட்டு அமர்ந்திருக்கும் என் அணித் தோழர்களே! எங்களைவிட அதிகமாக எங்கள் கட்சிக்கு வலு சேர்த்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) நாமக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே, பனியையும் பார்க்காமல் கூடியிருக்கும் பெரியோர்களே! தாய்மார்களே! குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே! அடுப்பையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். (சிரிப்பு)

நடுவர் ஐயா, எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி பிரமாதமாகப் பேசினார். “செல்போன் எப்படிங்க ஊருக்குள் வந்தது? 1995இல் இந்தியாவில் முதல் செல்போன் மணி அடித்தபோது அது பணக்காரர் கையில்தான் இருந்தது. கூப்பிட்டாலும் காசு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. 2003இல் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்றார்கள். ஆடு மேய்க்கிறவர் மடியிலும் செல்போன் வந்துவிட்டது. இதில் மனம் எங்கே வந்தது? பண்பாடு எங்கே வந்தது?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். எதிராளியாக இருந்தாலும் நன்றாகப் பேசினால் தட்ட வேண்டும், அதுதானே நம்ம ஊர் மரியாதை.

ஆனால் தம்பி, பணமே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பணம் இல்லாவிட்டால் கருவி கடையை விட்டே கிளம்பாது. பணம் அதை வாசல்படி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தும். அப்புறம் “உள்ளே வா” என்று கூப்பிடுவது யார்? வந்ததை எங்கே வைப்பது, யார் தொடலாம், யார் தொடக் கூடாது, எந்த வேலைக்கு அதை ஏவுவது என்று முடிவு செய்வது யார்? அந்த வீட்டு மனம். அந்த ஊர்ப் பழக்கம். அந்த வீட்டில் எத்தனை தலை, அதில் யார் சொல்லுக்கு மதிப்பு என்ற கணக்கு. இதுதான் என் கட்சி. நான் அமெரிக்காவுக்குப் போய் ஆதாரம் தேடப் போவதில்லை. இங்கிருந்து திருச்செங்கோடு வரைக்கும் போனால் போதும்.

நம்ம பூமி எப்படிப்பட்ட பூமி? தோண்டினால் பாறை. மேலே மண், கீழே கரும்பாறை. காவிரி ஓரம் தவிர மற்றதெல்லாம் வானம் பார்த்த காடு. எங்கள் அப்பாரு காலத்தில் கிணற்றில் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். அப்புறம் ஆயில் எஞ்சின் வந்தது, கரண்டு மோட்டார் வந்தது, கிணற்றில் தண்ணீர் கீழே கீழே போனது. 1967ஐ ஒட்டி பீகாரில் பெரிய வறட்சி. அப்போது யூனிசெஃப் அமைப்பு, காற்றின் அழுத்தத்தால் பாறையைத் துளைக்கிற எந்திரத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அது உலகத்துக்கே பொதுவான எந்திரம். ஆனால் இன்றைக்கு இந்தியாவில் எந்த மூலைக்குப் போனாலும், ராஜஸ்தானுக்குப் போனாலும், மத்தியப் பிரதேசத்துக்குப் போனாலும், பாறையில் துளை போட்டுக்கொண்டு நிற்கிற போர் வண்டியின் நம்பர் பலகைக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது? திருச்செங்கோடு! (கைதட்டல்) ஆப்பிரிக்கா வரைக்கும் போய் வந்துவிட்டது நம்ம வண்டி.

எதிரணியில் சொல்லுவார்கள்: “விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கொடுத்தார்கள், அதனால் போர் வந்தது, அதுவும் பணம்தான்.” 1990இல் இலவச மின்சாரம் தமிழ்நாடு முழுக்கத்தானே கொடுத்தார்கள்? திருச்செங்கோட்டுக்கு மட்டும் தனிக் கம்பியா இழுத்தார்கள்? (சிரிப்பு) பணக்காரர் இல்லாத ஊரா மற்ற ஊர்? பிறகு ஏன் போர் வண்டி இங்கே மட்டும் இப்படிப் பெருகியது?

சொல்கிறேன். ஒரு வண்டி வாங்க ஒருத்தரிடம் பணம் இல்லை. அப்போது என்ன செய்தார்கள்? பங்காளி ஒருத்தர், மாமன் ஒருத்தர், மச்சான் ஒருத்தர், கூடப் படித்தவன் ஒருத்தன். ஆளுக்கு ஒரு பங்கு. ஒருத்தர் வண்டியோடு போவார், ஒருத்தர் கணக்குப் பார்ப்பார், ஒருத்தர் ஊரில் இருந்து நாலு வீட்டுக் காட்டையும் சேர்த்துப் பார்ப்பார். ஆறு மாதம் வடக்கே போகிறவன் பெண்டாட்டி பிள்ளையை யாரை நம்பி விட்டுப் போனான்? உறவை நம்பித்தானே விட்டுப் போனான்! லாரித் தொழிலும் அப்படித்தான். கிளீனராக ஏறினவர் டிரைவர் ஆனார், டிரைவர் பங்குக்காரர் ஆனார், பங்குக்காரர் முதலாளி ஆனார். பேங்கில் சொத்து ஜாமீன் கேட்டான். ஊரில் வாக்கு ஜாமீன் போதும் என்றார்கள். அந்த வாக்குக்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள்? (கைதட்டல்)

நடுவர்: அம்மா, அப்படியானால் போர் போடுவதில் எல்லாம் அறிவியல் முறைதான் என்கிறீர்களா?

ஐயா, நல்ல இடத்தில் கேட்டீர்கள். எங்கள் பெரியப்பா காட்டில் போர் போட்டார்கள். வண்டி வந்துவிட்டது. கம்ப்ரசர் வந்துவிட்டது. ஆயிரம் அடி பாறையைத் துளைக்கிற எந்திரம் வந்து நிற்கிறது. ஆனால் எந்த இடத்தில் துளைப்பது? அதைச் சொல்ல ஒருத்தர் வந்தார், உள்ளங்கையில் ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு! (பலத்த சிரிப்பு) காட்டைச் சுற்றி நடந்தார். ஓர் இடத்தில் தேங்காய் நிமிர்ந்து நின்றது. “இங்கதானுங்க நீரோட்டம், போடுங்க” என்றார். எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்துப் போட்டார்கள். எண்ணூறு அடி போயிற்று. வெறும் புகைதான் வந்தது. (சிரிப்பு) நான் கேட்டேன், “ஏனுங்க பெரியப்பா, தேங்காயை நம்பி இப்படி ஆகிப்போச்சே?” பெரியப்பா சொன்னார்: “தேங்காய் மேல தப்பில்ல கண்ணு. மிஷின்தான் சரியில்ல.” (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தத் தேங்காய்தான் அந்த எந்திரத்தை எங்கள் பெரியப்பா காட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தது. தெரியாத எந்திரத்தைத் தெரிந்த சடங்கின் கையைப் பிடித்துத்தான் நம் வீட்டுக்குள் அழைத்து வருகிறோம். புது லாரிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோமே, எதற்கு? கம்பெனிக்காரன் கொடுத்த உத்தரவாதம் போதவில்லை, நம் சாமி கொடுக்கிற உத்தரவாதமும் வேண்டும்!

அடுத்து, விலை குறைந்தால் எல்லாம் வந்துவிடும் என்றாரே தம்பி, அதற்கு வருகிறேன். நாமக்கல்லில் நின்றுகொண்டு முட்டையைப் பேசாமல் போனால் என்னைச் சும்மா விடுவீர்களா? கம்பிக் கூண்டு, வெள்ளைக் கோழி, அளந்து போடும் தீவனம், தடுப்பூசி. இதெல்லாம் ஒரு பெரிய தொழில்நுட்பம். 1982இல் முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது. அதே 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் அந்தச் சத்துணவுத் தட்டில் முட்டையும் வந்தது. இங்கே 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. எல்லாம் சேர்ந்துதான் நாமக்கல் முட்டை நாடெல்லாம் உருண்டது.

சரி, முட்டை விலை குறைந்தால் எல்லாரும் வாங்க வேண்டும் அல்லவா? புரட்டாசி மாதம் வரட்டும், விலை இறங்குகிறது. இறங்கியும் வாங்க ஆள் இல்லை! (சிரிப்பு) ஏன்? வீட்டுக்காரம்மா, “புரட்டாசி, வீட்டுக்குள்ள கவுச்சி வரக் கூடாது” என்று சொல்லிவிட்டார். கோழிக்கு அது தெரியுமா? புரட்டாசி என்று முட்டையிடாமல் இருக்குமா? (சிரிப்பு) கோழி இடுகிறது, விலை இறங்குகிறது, ஆனாலும் நாட்காட்டி ஜெயிக்கிறது! அரசாங்கமே சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறது. காரணம் என்ன? இலவசமாகக் கொடுத்தாலும் மனம் ஒப்பாததை வாய் ஒப்பாது என்று அரசாங்கத்துக்குத் தெரியும்.

இந்த விரதமே ஒரு தொழிலை வாழவைத்த கதையும் நம் மண்ணில்தான் இருக்கிறது. சேலத்து ஜவ்வரிசி! இரண்டாம் உலகப் போரில் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான்காரன் கைக்குப் போயின. அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோயிற்று. சேலத்துக்காரர்கள் 1943 வாக்கில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, கையால் உருட்டி, வறுத்து, இங்கேயே ஜவ்வரிசி செய்துவிட்டார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வந்தது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதில் பெரும்பகுதி எங்கே போகிறது? மகாராஷ்டிரம் மாதிரி வடக்கு மாநிலங்களுக்கு. அங்கே ஏகாதசி விரதம் என்றால் சோறு கூடாது, ஜவ்வரிசிக் கிச்சடி கூடும்! மரவள்ளி எங்கிருந்து வந்த கிழங்கு? தென் அமெரிக்கா. நம் ரிஷிகள் கண்ணால் பார்த்திராத கிழங்கு, விரதத்துக்குச் சுத்தம். அங்கே ஒரு பாட்டி விரதம் இருக்கிறார், இங்கே ஆத்தூரில் மில் ஓடுகிறது. (கைதட்டல்)

நடுவர்: பணக்கார நாட்டில் இப்படி இருக்காது என்பார்களே?

ஐயா, ஜப்பானைவிட எந்திரம் தெரிந்த நாடு உண்டா? பணம் இல்லாத நாடா அது? தொழிற்சாலையில் ரோபோ ஓடுகிறது. ஆனால் அரசாங்க அலுவலகத்துக்கு விண்ணப்பத்தைப் பழைய ஃபிளாப்பி தகட்டில் கொண்டுவா என்ற விதிகளை அவர்கள் ஏறக்குறைய முழுக்க ஒழித்தது எப்போது தெரியுமா? 2024இல்! கையெழுத்துக்குப் பதில் முத்திரை குத்துவதும், ஃபேக்ஸ் அனுப்புவதும் அவர்கள் விட மனமில்லாமல் வைத்திருந்த பழக்கம். பணம் இருந்தது, கருவி இருந்தது, மனம் இன்னும் வரவில்லை. அவ்வளவுதான்.

தாய்மார்களே, இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். சைக்கிள் நம் ஊருக்கு வந்து எத்தனை காலம்? எங்கள் அப்பா வைத்திருந்தார். எங்கள் அண்ணன் முறைக்காரர்கள் எல்லாம் வைத்திருந்தார்கள். வீட்டுச் சுவரில்தானே சாய்த்து வைத்திருந்தார்கள்? அதை ஓட்டப் புதிதாக ஒரு பைசா செலவு உண்டா? ஆனால் எங்கள் அம்மா ஒரு நாள் ஏறியிருப்பாரா? 1991ஐ ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போதே பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்தவரும் ஒரு பெண். கல் உடைக்கிற பெண்கள், வயல்வேலை செய்கிற பெண்கள், ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பெண்கள் ஓட்டுகிற வண்டி கடையில் போதவில்லை. ஆண்கள் ஓட்டுகிற வண்டியையே எடுத்துக்கொண்டு போனார்கள்! (கைதட்டல்) சைக்கிள் விலை அன்றைக்கா குறைந்தது? “ஊர் என்ன சொல்லும்” என்ற பயத்தின் விலை குறைந்தது. அன்றைக்குத்தான் அந்தக் கருவி உண்மையில் ஊருக்குள் வந்தது.

இன்னொன்றைப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு கீரைக்கார அம்மா. வண்டியில் கட்டம் கட்டமாக அட்டை ஒட்டியிருக்கிறார், செல்போனில் பணம் கட்டுகிற அட்டை. 2016இல் இந்த வசதி வந்தது, இன்றைக்குக் கீரைக் கட்டு வரைக்கும் வந்துவிட்டது. எதிரணி உடனே எழுந்து, “பார்த்தீர்களா!” என்பார்கள். பொறுங்கள். நான் செல்போனை எடுத்தேன். அந்த அம்மா ஒரு அரைக்கீரைக் கட்டை எடுத்து அட்டை மேல் வைத்து மறைத்துவிட்டார். (சிரிப்பு) “ஏனுங்கம்மா?” என்றேன். “அதுல போட்டா பையன் கணக்குக்குப் போயிரும் அம்மணி. நீ காசாவே குடு” என்றார். (பலத்த கைதட்டல்)

சிறுவாட்டுக் காசு! கோழி வளர்த்து, முட்டை விற்று, அரிசிப் பானையில் ஒளித்து வைத்த காசு. நம் வீட்டுப் பெண்களுக்கு இருந்த ஒரே பேங்க் அதுதானே? பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியது அது. மருந்துக்கு ஓடியது அது. அந்தக் கீரைக்கார அம்மாவுக்கு எந்திரம் தெரியாமல் இல்லை. அந்த எந்திரம் யார் பேரில் இருக்கிறது என்று நன்றாகத் தெரிகிறது. அந்த அட்டைக்குப் பின்னால் அவர் பேரில் ஒரு கணக்கு இருந்தால், கீரைக்கட்டு மறைக்காது. சொல்லுங்கள் தம்பி, இது பணப் பிரச்சினையா, வீட்டுக்குள் யார் பெரியவர் என்ற பிரச்சினையா?

அடுத்து, தலைக் கணக்கு. எங்கள் அம்மாயி பெற்றது எட்டு. எங்கள் அம்மா பெற்றது நாலு. நான் பெற்றது இரண்டு. என் மகள் ஒன்றே போதும் என்கிறாள். (சிரிப்பு) தமிழ்நாடு முழுக்க இதுதான் கதை. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தை என்ற அளவுக்குத் தொண்ணூறுகளிலேயே நெருங்கிவிட்டோம். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அது 1.4. நாம் பெரும் பணக்காரர் ஆன பிறகா குறைத்துக்கொண்டோம்? இல்லை. “இருக்கிற பிள்ளையைப் படிக்க வைக்கணும்” என்று நினைத்தோம், குறைத்துக்கொண்டோம். படித்த பிள்ளை பெங்களூருக்குப் போனான். காட்டில் நெல் அறுக்கக் கையில்லை, அறுவடை எந்திரம் வந்தது. தறி ஓட்டக் கையில்லை, பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் ஆளைக் குறைக்கிற தறி வருகிறது. மீதிக் கைக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தம்பிகள் வருகிறார்கள். கூலி உயர்ந்தது பணம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூலி ஏன் உயர்ந்தது? வீட்டில் தலை குறைந்தது. தலை ஏன் குறைந்தது? மனம் அப்படி நினைத்தது.

இப்போது கடைசியாக ஒரு விஷயம். மணி அடித்துவிடாதீர்கள் ஐயா. இதைச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கே வந்தேன்.

நான் பிறந்தது 1970. எங்கள் வீட்டில் நான் மூன்றாவது பெண். அம்மாயி வீட்டில்தான் பிரசவம். நான் பிறந்த சேதி கேட்டதும், திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக எழுந்து போய்விட்டார்களாம். ஒரு பெரியம்மா உள்ளே வந்து, “மூணாவதும் பொட்டப்புள்ளையா? என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். எங்கள் அம்மாயி எழுத்துப் படிக்காதவர். என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, “என்ன பண்ணுவாங்க? வளத்துவாங்க” என்றாராம். அந்த வாரம் முழுக்க என்னை வேறு ஒரு கையிலும் கொடுக்கவில்லையாம். அந்த மடியால்தான் நான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன். (நீண்ட கைதட்டல்)

எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஒரு மடி கிடைக்கவில்லை ஐயா. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஜெயலலிதா அம்மையார் முதலில் எங்கே தொடங்கினார்? சேலம் மாவட்டத்தில். அப்போது நாமக்கல்லும் சேலத்தோடுதான் இருந்தது, 1997இல்தான் பிரிந்தது. கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கம் கையெடுத்துக் கேட்க வேண்டிய நிலைமை நம் ஊருக்கு.

அந்த நேரத்தில்தான் ஸ்கேன் மிஷின் பரவியது. நல்ல கருவி ஐயா! வயிற்றுக்குள் குழந்தை நலமா, தலை திரும்பியிருக்கிறதா, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று காட்டி எத்தனையோ தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிய கருவி. அதற்கு ஆண் பெண் பேதம் தெரியுமா? தெரியாது. அதை வாங்கிய பணத்துக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் அதன் முன்னால் உட்கார்ந்த மனத்துக்குத் தெரிந்திருந்தது. “நாம் இருவர், நமக்கு இருவர்” என்றார்கள், நல்லதுதான். எட்டுப் பெற்ற காலத்தில் ஆறாவதாக ஆண் பிறந்தாலும் போதும் என்று இருந்தவர்கள், இரண்டே பெறும் காலத்தில் அந்த இரண்டுக்குள் ஆண் வேண்டும் என்றார்கள். தலைக் கணக்கு மாறியது, மனம் மாறவில்லை. நடுவில் மிஷின் வந்தது. வாயைத் திறந்து சொல்லாமல் சாடையில் சொன்னார்கள். 1994இல் சட்டம் போட்டார்கள், 1996இல் நடைமுறைக்கு வந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கு என்ன சொன்னது? ஆறு வயது வரை உள்ள குழந்தைகளில், சேலம் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 851 பெண்கள். இயற்கையை அதன் போக்கில் விட்டால் 950 பக்கத்தில் இருக்க வேண்டும். மீதிப் பிள்ளைகள் எங்கே? அவர்களுக்குப் பேர்கூட வைக்கவில்லை ஐயா.

(அரங்கில் அமைதி)

இப்போது எதிரணியை ஒன்று கேட்கிறேன். 2001க்குப் பிறகு ஸ்கேன் மிஷின் குறைந்துவிட்டதா? விலை ஏறிவிட்டதா? இல்லை. ஊருக்கு ஊர் கூடியது, எளிதாகக் கிடைத்தது. உங்கள் கணக்குப்படி பெண் பிள்ளைகள் இன்னும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 2011 கணக்கில் அந்த 851, 916 ஆனது! (பலத்த கைதட்டல்) எப்படி? 2003இல் சட்டத்தை இறுக்கினார்கள், அந்தப் பயமும் ஒரு காரணம். அதற்கு மேல், பெண் படித்தாள். சைக்கிளில் ஏறிப் பள்ளிக்கூடம் போனாள். சம்பாதித்தாள். மகன் பெங்களூரிலிருந்து போனில் “நல்லா இருக்கீங்களா” என்று கேட்டபோது, மகள் பஸ் ஏறி வந்து சுடுசோறு ஆக்கிப் போட்டாள். அதைப் பார்த்த மனம் கொஞ்சம் மாறியது. மனம் மாறியதும் அதே மிஷின் வேறு வேலை செய்தது. மிஷின் மாறவில்லை ஐயா, மனம் மாறியது!

இன்னும் முழுக்க மாறிவிடவில்லை. முப்பத்தைந்து வயது, நாற்பது வயது மாப்பிள்ளைகள் நம் பக்கத்தில் எத்தனை பேர் பெண் கிடைக்காமல் நிற்கிறார்கள்? கேரளா வரைக்கும் போய்ப் பெண் தேடுகிறார்கள். செல்போனில் வரன் பார்க்கிற வசதி வந்துவிட்டது. பொத்தானைத் தட்டினால் ஆயிரம் ஜாதகம் வருகிறது. பிறக்காத பெண்ணின் ஜாதகத்தை எந்தக் கம்ப்யூட்டர் ஐயா காட்டும்? (கைதட்டல்)

அடுத்த கருவியும் வாசலுக்கு வந்துவிட்டது. தாயின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தாலே வயிற்றில் இருப்பது என்ன பிள்ளை என்று கண்டுபிடிக்க முடியும் என்கிற அளவுக்கு அறிவியல் வந்துவிட்டது. நம் நாட்டில் அதைச் சொல்வது குற்றம். சட்டம் வாசலில் காவல் நிற்கலாம். ஆனால் வீட்டுக்குள் இருந்து கதவைத் திறந்துவிடுகிற கை நம் கைதானே?

அதனால் தாய்மார்களே, பெரியோர்களே, புதுக் கருவி வாங்குங்கள். போர் வண்டி வாங்குங்கள், புதுத் தறி வாங்குங்கள், பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்கள். வாங்குகிற அன்றைக்கு எலுமிச்சம்பழமும் வையுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சக்கரத்தடியில் பழத்தை வைக்கும்போதே, இதை நம் வீட்டில் யார் ஓட்டுவார், இதில் வருகிற காசு யார் பேரில் போகும், இது யாரைக் காப்பாற்றும், யாருக்குக் கேடாகும் என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். நான் பிறந்தபோது எங்கள் அம்மாயி அந்தக் கேள்வியைக் கேட்டார். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து நான் வயிற்றில் இருந்திருந்தால், அம்மாயிக்கு முன்னால் மிஷின் என்னைப் பார்த்திருக்கும். மிஷினுக்கு ஏது ஐயா மடி?

பணம் கருவியை வாசல்வரை கொண்டுவரும். அது வாழவைக்கிற கருவியா, வாழ்வைப் பறிக்கிற கருவியா என்பதை வீட்டுக்குள் இருக்கிற மனம்தான் முடிவு செய்யும். ஆகவே, நடுவர் அவர்களே, கருவியை வீட்டுக்குள் விடுவது மனமே, மனமே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்க வேண்டும் என்று உங்களைப் பணிவோடு கேட்டுக்கொண்டு, எங்கள் அம்மாயியை நினைத்துக்கொண்டு, விடைபெறுகிறேன். அடுப்பில் குழம்பு வைத்த சகோதரிகளே, இப்போது போய் இறக்குங்கள்!

(நீண்ட கைதட்டல்)